ஊசிக்கு ஏன் வரமாட்டேன் என்கிறார்கள்?

இந்த முறை கேள்விகள் எல்லாம் கெங்கவல்லி வட்டாரத்திலிருந்து. கூடமலை, தெடாவூர், வீரகனூர், தம்மம்பட்டி என்று ஊர்கள் வேறாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: தடுப்பூசி. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோர் பெயரையும் விட்டுவிட்டேன்.

கே: மனுஷன் எப்படி முடிவெடுக்கிறான் என்பதற்கு ‘நடத்தை அறிவியல்’ என்று ஒரு படிப்பே இருக்கிறதாமே, உண்மையா?
*கல்லூரி மாணவி, கெங்கவல்லி*

ப: உண்மை. ஒரு உதாரணம் சொல்கிறேன். 600 பேரைக் கொல்லக்கூடிய ஒரு நோய் வரப்போகிறது, இரண்டு திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்டார்கள் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும். முதல் திட்டத்தில் “200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள்” என்றபோது 72 சதவீதம் பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே திட்டத்தை இன்னொரு குழுவிடம் “400 பேர் நிச்சயம் சாவார்கள்” என்று சொன்னபோது ஒப்புக்கொண்டவர்கள் 22 சதவீதம். கணக்கில் ஒரு உயிர்கூட மாறவில்லை, சொன்ன விதம்தான் மாறியது. 1981-ல் வெளிவந்த ஆய்வு இது. கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்கு ஆறு வருடம் முன்பே இறந்துவிட்டார்.

கே: ஊசி போடாவிட்டால் என்ன ஆகும் என்று பயங்கரமான படங்களைக் காட்டினால் ஜனங்கள் ஓடி வருவார்கள் என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். காட்டலாமா?
*அங்கன்வாடிப் பணியாளர், கூடமலை*

ப: பயப்படுவார்கள், ஓடி வரமாட்டார்கள். 1965-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவன்தாலும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கடைசி ஆண்டு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ரணஜன்னி பற்றிக் கொடூரமான படங்களோடு ஒரு சிறு நூல், இன்னொரு பகுதியினருக்குச் சாதுவான நூல். கொடூரப் படம் பார்த்தவர்கள் அதிகம் பயந்தார்கள், ஊசி அவசியம் என்று அதிகம் சொன்னார்கள். ஆனால் ஊசி போட வந்தவர்கள் எண்ணிக்கையில் அந்தப் பயம் பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை.

வித்தியாசம் செய்தது வேறொன்று. சிலருக்கு நூலோடு ஒரு வரைபடம் கொடுத்தார்கள். அதில் சுகாதார மையத்தை வட்டமிட்டுக் காட்டி, உங்கள் வாரத்தில் எந்த நேரத்தில் அந்தப் பக்கம் போக முடியும் என்று யோசிக்கச் சொன்னார்கள். வரைபடம் இல்லாதவர்களில் ஊசி போட்டவர்கள் 3 சதவீதம், இருந்தவர்களில் 28 சதவீதம். கடைசி ஆண்டு மாணவர்களுக்குச் சுகாதார மையம் எங்கே இருக்கிறது என்று முன்பே தெரியும் என்பதைக் கவனியுங்கள். தெரிந்த இடத்துக்கு எப்போது, எப்படிப் போவது என்பதைத்தான் அந்தத் தாள் தீர்த்து வைத்தது.

படங்களை வாங்கும் காசில், “வர்ற புதன்கிழமை, காலை 10 மணி, நம்ம அங்கன்வாடி” என்று சீட்டு அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுங்கள் அம்மா.

கே: எனக்கு மறதி அதிகம். அதற்கு ஏதாவது வழி?
*இரண்டு குழந்தைகளின் தாய், தெடாவூர்*

ப: தேதியையும் நேரத்தையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்குக் காய்ச்சல் தடுப்பூசி முகாம் பற்றிக் கடிதம் போனது. வெறும் தகவல் பெற்றவர்களில் சுமார் 33 சதவீதம் பேர் வந்தார்கள். “எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று இங்கே எழுதிக்கொள்ளுங்கள்” என்று கட்டம் போட்டுக் கொடுத்ததும் 37 சதவீதம். கேத்தரின் மில்க்மன் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வு. நாலு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு பேனாவுக்கு மேல் அதற்குச் செலவே இல்லை. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் ஊசிகளின் தேதியை இன்றைக்கே காலண்டர் தாளில் குறித்துவிடுங்கள். ஒன்பதாவது மாதத்துத் தட்டம்மை–ரூபெல்லா ஊசியையும் சேர்த்துக் குறியுங்கள். இடைவெளி நீளமாக இருப்பதால் மறப்பது பெரும்பாலும் அதுதான்.

கே: நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாளே சாய்ந்தார். கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது?
*மளிகைக் கடைக்காரர், தம்மம்பட்டி*

ப: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. மனசுக்குள் வைத்துக்கொண்டு வெளியில் வேறு காரணம் சொன்னவர்கள்தான் அதிகம்.

நடந்தது இது. 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் விவேக் கோவேக்சின் போட்டுக்கொண்டார். அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொண்டு மக்களுக்கு நம்பிக்கை தர வேண்டும் என்பது அவர் நோக்கம். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி அதிகாலை மறைவு. இதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று முழுவதும் அடைத்திருந்தது என்று சிகிச்சை தந்த மருத்துவர்கள் சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு விசாரித்து, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற முடிவு அதே ஆண்டு அக்டோபரில் வெளியானது.

ஏப்ரலில் ஒரு நாளைக்கு நாடு முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள், அதுவும் பெரும்பாலும் 45 வயதைத் தாண்டியவர்கள். அந்த வயதில் லட்சக்கணக்கான பேரை எடுத்துக்கொண்டால், ஊசியே இல்லாவிட்டாலும் அடுத்த சில நாளில் சிலருக்கு மாரடைப்பு வரத்தான் செய்யும். அந்தச் சிலரில் ஒருவர் நாடே நேசித்த முகமாக இருந்துவிட்டார். ஊசி போட்டு நல்லபடியாக வீடு திரும்பியவர்களில் யார் முகமும் தொலைக்காட்சியில் வரவில்லை. எளிதில் நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும். கானமனும் ட்வெர்ஸ்கியும் இதையும் 1973-லேயே எழுதிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அன்று பயந்தவர்களை மூடர்கள் என்று ஏசியது தவறு. ஆறு மாதம் கழித்து வந்த விசாரணை முடிவை, செய்தி வந்த அன்று பயந்தவர்கள் எப்படி அறிந்திருக்க முடியும்? “எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது, மருத்துவர்கள் பார்த்தது இது” என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டியிருந்தது. நிறைய ஊர்களில் அப்படி ஓர் ஆள் இல்லை.

கே: ஞாயிற்றுக்கிழமை நடந்த கொரோனா முகாமை நடுவில் சனிக்கிழமைக்கு மாற்றினார்களே, ஏன்?
*ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளி, கெங்கவல்லி*

ப: கறிச்சோறு! முதல் மெகா முகாம் 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. 20 லட்சம் என்று இலக்கு வைத்தார்கள், 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். ஆனால் வாரங்கள் போகப் போக ஒரு முணுமுணுப்பு கேட்டது. ஊசி போட்டால் கறி தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டையும் விடமாட்டோம் என்று பலர் தள்ளிப்போட்டார்கள். ஊசி போட்டவர்கள் கறி சாப்பிடலாம் என்று மேடைதோறும் விளக்குவதோடு நிறுத்தாமல், அக்டோபர் 23 முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் காரணத்தையும் வெளிப்படையாகவே சொன்னார்.

ஊர் வழக்கத்துக்குத் தக்கபடி அரசாங்கம் நாளை மாற்றிக்கொண்டதே, அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது: ஒரு நாள் கூலி. கிழங்கு வரத்து உள்ள மாதங்களில் காலை பத்து மணிக்கு முகாம் வைத்தால் ஆலையிலிருந்து யார் வர முடியும்? மாலை ஆறு மணிக்கு ஆலை வாசலிலேயே வைக்கச் சொல்லி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்துப் பேர் சேர்ந்து எழுதிக்கொடுங்கள். நியாயமான கோரிக்கை அது.

கே: ஊசிக்குப் பிரியாணி, தங்கக் காசு என்று கொடுப்பது லஞ்சம் இல்லையா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், வீரகனூர்*

ப: லஞ்சம் என்பது செய்யக் கூடாததைச் செய்ய வைக்கக் கொடுப்பது. இங்கே கொடுத்தது, தன் உடம்பைக் காத்துக்கொள்ள வந்தவருக்கு.

நீங்கள் சொல்வது செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் என்று நினைக்கிறேன். 2021-ல் அந்தக் கடலோர ஊரில் ஊசிக்கு வந்தவர்கள் மிகச் சிலர். தன்னார்வலர்கள் பிரியாணியும் குலுக்கல் பரிசும் அறிவித்ததும் கூட்டம் வந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஊரை வைத்துச் செய்த சோதனை இல்லை அது, அதனால் எவ்வளவு பரிசால், எவ்வளவு பேச்சால் என்று பிரிக்க முடியாது.

முறையாகப் பிரித்துப் பார்த்தது ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலானோர் சேவா மந்திர் என்ற அமைப்போடு சேர்ந்து 134 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். எதுவும் புதிதாகச் செய்யாத கிராமங்களில் எல்லா ஊசியும் போட்டு முடித்த குழந்தைகள் 6 சதவீதம். மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18 சதவீதம். அந்த முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லாம் முடித்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த இடத்தில் 39 சதவீதம்.

பருப்பை விட்டுவிட்டு முதல் இரண்டு எண்களைப் பாருங்கள். நர்ஸ் சொன்ன நாளில் தவறாமல் வந்ததே மும்மடங்காக்கிவிட்டது! இன்னொன்று, பருப்புக்கும் தட்டுக்கும் காசு போனாலும் ஒரு குழந்தைக்கு முழுசாக ஊசி போட்டு முடிக்க ஆன செலவு பாதியாகக் குறைந்தது. முகாமுக்கு நர்ஸ் சும்மா வந்து உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் ஒன்றுதானே, கூட்டம் வந்ததும் தலைக்குச் செலவு இறங்கிவிட்டது. இந்த ஆய்வு வந்தது 2010-ல். பானர்ஜிக்கும் டுஃப்ளோவுக்கும் மைக்கேல் கிரெமரோடு சேர்த்து நோபல் கிடைத்தது 2019-ல், வறுமை ஒழிப்பில் இப்படிச் சோதித்துப் பார்க்கும் முறைக்காக.

பெரிய பரிசு பெரிய பலன் தரும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணம் ஊசி போட்டவர்களுக்கு 10 லட்சம் டாலர் குலுக்கல் வைத்தது. அதனால் எண்ணிக்கை கூடியதற்குத் தெளிவான சான்று இல்லை என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். என்றைக்கோ யாருக்கோ விழப்போகும் கோடியைவிட இன்றைக்குக் கையில் கிடைக்கும் ஒரு கிலோ பருப்பை நம்பலாம் என்பது என் கணிப்பு.

கே: எங்கள் ஊரில் தலைவர் மைக்கில் சொன்னால் யாரும் கேட்பதில்லை. யாரை விட்டுச் சொல்ல வைப்பது?
*மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர், கூடமலை*

ப: ஊரையே கேளுங்கள். ஹரியானாவில் அப்படித்தான் கேட்டார்கள். “ஒரு சேதி ஊர் முழுக்கப் பரவணும்னா யார்கிட்ட சொல்லணும்?” என்று சில வீடுகளில் போய்க் கேட்டு, ஜனங்கள் அதிகம் சொன்ன பெயர்களுக்கு முகாம் தேதியைத் தெரிவித்தார்கள். குத்துமதிப்பாக ஆளைப் பொறுக்கிச் சொன்ன ஊர்களைவிட இந்த ஊர்களில் முகாமுக்கு வந்த குழந்தைகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். பானர்ஜி, அருண் சந்திரசேகர், டுஃப்ளோ, மேத்யூ ஜாக்சன் நால்வரும் 2019-ல் எழுதியது. பதவி, படிப்பு எதையும் அவர்கள் அளவுகோலாக வைக்கவில்லை.

உங்கள் ஊரில் அது பால் ஊற்றும் இடத்தில் இருக்கும் அக்காவாக இருக்கலாம், டீக்கடை அண்ணனாக இருக்கலாம். உங்களுக்கு இந்நேரம் ஒரு பெயர் மனசில் வந்திருக்குமே, அவரிடமே போங்கள்.

கே: “நல்லா இருக்கிற புள்ளைக்கு ஊசி போட்டுக் காய்ச்சல வரவைக்கறீங்களே” என்று என் மாமியார் திட்டுகிறார். என்ன சொல்வது?
*இளம் தாய், தெடாவூர்*

ப: திட்டினாலும் அது பேரப்பிள்ளை மேலுள்ள பாசம். நாம் ஒன்று செய்து அதனால் கெடுதல் வந்தால் பொறுக்க முடிவதில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்து அதைவிடப் பெரிய கெடுதல் வந்தால் “விதி” என்று ஏற்றுக்கொள்கிறோம். 1990-ல் இலானா ரிட்டோவும் ஜொனாதன் பேரனும் இதைக் கேள்வியாகவே வைத்தார்கள். ஒரு காய்ச்சலால் 10,000 குழந்தைகளில் 10 பேர் இறப்பார்கள், தடுப்பூசியால் அதைவிடக் குறைவாகத்தான் இறப்பார்கள் என்றால் உங்கள் குழந்தைக்குப் போடுவீர்களா? கணக்குப்படி ஒன்பது என்றாலும் போட வேண்டும். பலர் அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டார்கள். உங்கள் மாமியார் தனியாள் இல்லை.

அவரிடம் ஆய்வைச் சொல்லாதீர்கள். “அத்தை, இன்னைக்கு ராத்திரி லேசாக் காய்ச்சல் வரும், நர்சம்மா மருந்து கொடுத்து எவ்வளவு தரணும்னு சொல்லியிருக்காங்க, நீங்க கூட இருங்க” என்று ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லி வந்த காய்ச்சல் பயமுறுத்தாது. அம்மை போட்ட குழந்தைகளை அவர் காலத்தில் பார்த்திருப்பார். அதைப் பற்றி அவரையே பேச விடுங்கள்.

கே: “ஊசி போடலாமா, என்ன சொல்றீங்க?” என்று மரியாதையாகக் கேட்டால் வேண்டாம் என்கிறார்கள். வேறு எப்படிக் கேட்பது?
*கிராம சுகாதார செவிலியர்*

ப: “பாப்பாவுக்கு இன்னைக்கு மூணு ஊசி இருக்கும்மா, மடியில வெச்சுக்குங்க” என்று ஆரம்பியுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டக்ளஸ் ஓபல் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஊசியை வழக்கமான வேலையாகச் சொல்லி ஆரம்பித்தபோது 26 சதவீதப் பெற்றோர் மறுத்துப் பேசினார்கள். “என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?” என்று ஆரம்பித்தபோது 83 சதவீதம். மறுப்பவருக்கு மறுக்கும் உரிமை இரண்டிலும் இருக்கிறது. சந்தேகம் கேட்டால் நின்று நிதானமாகப் பதில் சொல்லுங்கள், அந்த இடத்தில் அவசரம் காட்டினால் அடுத்த புதன்கிழமை அவர் வரமாட்டார்.

கே: வாட்ஸ்அப்பில் வருவதை நம்பலாமா?
*பத்தாம் வகுப்பு மாணவன், வீரகனூர்*

ப: 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியால் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் உண்டு. ஊசி போட்டுக்கொண்டவர்களில் மூத்த பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அனுப்பியவர் யார், அவர் எங்கிருந்து எடுத்தார் என்று கேள், தம்பி. பதில் வராவிட்டால் அழித்துவிடு.

கே: ஊசியால் குழந்தை செத்ததே இல்லையா? மறைக்காமல் சொல்லுங்கள்.
*விவசாயி, கெங்கவல்லி*

ப: மறைக்கவில்லை. 2008 ஏப்ரல் 23, புதன்கிழமை. திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அந்தத் தாய்மாரின் துயரத்துக்கு எந்தப் புள்ளிவிவரமும் ஈடாகாது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊருக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மட்டும் வரச் சொன்னார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் பச்சைமலை அடிவாரத்திலிருந்து கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வர வேண்டிய தாய் என்ன செய்வாள்? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005–06-ல் 81 சதவீதம். 2015–16-ல் 70. ஊர் முகாம்கள் திரும்பி, 2019–21-ல் 89. சரிவுக்குப் பல காரணம் இருக்கலாம், தூரம் அதில் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். பத்து வருடத்தில் தமிழ்த் தாய்மார் அறிவு குறைந்து, பிறகு கூடியிருக்க முடியாது.

கே: பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் ஊசி வருகிறதாம். சின்னப் பெண்ணுக்கு எதற்கு இது?
*ஒரு தந்தை, வீரகனூர்*

ப: நோய்க்கிருமி வரும் முன் போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும், அதனால்தான் அந்த வயது. 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாகப் போடுவதாக 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் தமிழக அரசு 36 கோடி ரூபாயோடு அறிவித்தது. இந்த ஊசி பற்றிய உலக அறிவில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 2009-ல் தொடங்கிய இந்திய ஆய்வில் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் ஒரு மையம். 2010-ல் ஊசி போடுவது நிறுத்தப்பட்டதால் பல பெண்களுக்கு ஒரு தவணையே கிடைத்தது. பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில் அந்த ஒரு தவணையே கூடுதல் தவணைகளுக்கு ஏறக்குறைய சமமான பாதுகாப்புத் தந்தது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு தவணை போதும் என்று ஏற்றதற்கு அதுவும் ஒரு சான்று. மகளுக்குப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி என்று அவளிடமே சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கே: நல்லதுக்காகப் பொய் சொல்லி ஊசி போட வைத்தால் தப்பா?
*ஓய்வுபெற்ற தபால்காரர், தம்மம்பட்டி*

ப: தப்பு. திருக்குறளில் தோய்ந்த, எல்லீசன் என்று பெயர் பெற்ற கம்பெனிக் காலத்து ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரையே அதைச் செய்து பார்த்தார். பெரியம்மைத் தடுப்பூசியை மக்கள் ஏற்க வேண்டும் என்று, தெய்வங்கள் பேசிக்கொள்வதாக ஒரு பனுவலைத் தாமே எழுதினார். நல்ல எண்ணம்தான். ஆனால் பொய் வெளிப்படும் நாளில், சொன்ன உண்மையெல்லாம் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகிவிடும். முகாம் தேதியை மாற்றுவது, பருப்புக் கொடுப்பது, சீட்டு எழுதுவது எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஊரறியச் செய்ய முடியாத உத்தியைக் கையில் எடுக்காதீர்கள்.

கே: மாமனாரை நாய் கடித்தது. இரண்டு ஊசி போட்டார். காயம் ஆறிவிட்டது, இனி வேண்டாம் என்கிறார். விட்டுவிடலாமா?
*மருமகள், கெங்கவல்லி*

ப: விடவே கூடாது. காயம் ஆறுவதற்கும் வெறிநோய்க் கிருமிக்கும் சம்பந்தமில்லை. அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாக யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. அரசு மருத்துவமனைகளில் போடும் முறையில் முதல் ஊசி போடும் நாள், அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்கு முறை போட வேண்டும், இலவசம்தான். வலி போனதும் அவசரமும் போய்விட்டதாக மனம் எண்ணுவதால்தான் பாதியில் விடுகிறார்கள். நாள் தவறியிருந்தாலும் போகலாம், மிச்சத்தை எப்படிப் போடுவது என்று மருத்துவர் சொல்வார். மாமனாரோடு வாதாட வேண்டாம். பழைய சீட்டை எடுத்துக்கொண்டு, “மாமா, காலையில முதல் பஸ்ஸுக்குப் போறோம், நானும் வரேன்” என்று சொல்லி நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். இனி வீட்டில் யாரை நாய் கடித்தாலும் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.